சங்கராபரணத்தில் நான்கு புள்ளிகள்

ராஜபாளையத்துக்கு நான் போனது நான்கு புள்ளிகளைத் தேடி. வீட்டில் சொன்னபோது மகன் சிரித்தான். விமான நிலையத்தில் பயண நோக்கம் கேட்ட அதிகாரியிடம் 'சுற்றுலா' என்று சொல்லித் தப்பித்தேன்.

பினாங்கில் இருபத்தெட்டு வருடமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வகுப்பின் சார்பில் பழைய உருப்படிகள் பன்னிரண்டை ஸ்வரக் குறிப்போடு புத்தகமாகப் போடுகிறோம். பதினொன்று முடிந்துவிட்டது. பன்னிரண்டாவது, சங்கராபரணத்தில் ஒரு ஸ்வரஜதி. அதன் கடைசி வரியில் 'ப ம க ம' என்று நான்கு ஸ்வரங்கள் வருகின்றன. எழுத்தின் தலையில் புள்ளி இருந்தால் மேல் ஸ்தாயி, காலடியில் இருந்தால் கீழ் ஸ்தாயி, புள்ளியே இல்லையென்றால் நடு ஸ்தாயி. அச்சுப் புத்தகத்தில் இதுதான் வழக்கம். என்னிடம் இருந்த தமிழ்ப் பதிப்பில் அந்த நான்குக்கும் புள்ளி இல்லை. ஆகவே நடு ஸ்தாயியில்தான் சொல்லிக்கொடுத்து வந்தேன்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், ஆண்டுவிழா ஒத்திகையில், மாலதி என்ற மாணவி அந்த வரியைத் தடித்த தந்திக்கு இறக்கி வாசித்தாள். எல்லார் முன்னிலையிலும் நிறுத்தினேன். புத்தகத்தை அவள் மடியில் வைத்து, புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "காதுக்கு அப்படித்தான் கேக்குது டீச்சர்" என்றாள். அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினேன். விழாவுக்கு அவள் வரவில்லை. அதற்குப் பிறகு வகுப்புக்கும் வரவில்லை. இப்போது ஈப்போவில் சொந்தமாக வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்வி.

புத்தகத்துக்காக அந்த வரியை எழுதும்போதெல்லாம் என் பேனா நின்றது. அச்சுக்குப் போகும் முன் இன்னும் பழைய பதிப்பு ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மனசு அரித்தது. எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி, தன் பெரியம்மா வீட்டுப் பீரோ நிறையத் தெலுங்குச் சங்கீதப் புத்தகங்கள் இருப்பதாகச் சொன்னாள். மறுவாரமே கிளம்பிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குப் பேருந்தைவிட்டு இறங்கியதும் முதலில் தெரிந்தது மலை. பினாங்கிலும் மலை உண்டு, ஆனால் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். இங்கே எந்தத் தெருவில் திரும்பினாலும் மேற்குக் கோடியில் மலை வந்து நிற்கிறது. அய்யனார் கோவில் பக்கம் மழை பெய்திருக்கிறது, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று இட்லிக் கடையில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர் நான் கேட்காமலே மூன்று சட்னி ஊற்றினார். நான்கு இட்லியோடு எழுந்தபோது, "அம்புட்டுதானா? பயணக்காரவுக வயித்துக்குக் காணுமா?" என்று இன்னும் இரண்டை வைத்தார். எங்கள் ஊரில் ரொட்டி சானாய் என்ற பரோட்டா போடுகிறவர் கேட்டதற்கு மேல் ஒரு கரண்டி குழம்பு ஊற்ற மாட்டார். ஆறையும் சாப்பிட்டேன்.

அந்தப் பெரியம்மா, ஜானகியம்மாளுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கணவர் போன பிறகு பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தை அவரே நடத்துகிறார். வீட்டுக்குப் பின்னாலேயே கூடம். சுவர் தாண்டி வந்த தறிச் சத்தத்துக்கு நடுவே உரக்கப் பேசிப் பழகியவர். "ராண்டி ராண்டி" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சமையலறைப் பக்கம் திரும்பி மருமகளிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். தெலுங்கு எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியும், சங்கீதக்காரர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. பேச்சு பாதிதான் புரியும். புரிந்த பாதி இது: கடல் தாண்டி ஒரு பழைய புத்தகத்துக்காக வந்திருக்கிறது, பார்த்தால் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, நல்லதாகச் சமை.

பீரோவைத் திறந்து காட்டினார். நாற்பது ஐம்பது புத்தகங்கள். ஒவ்வொன்றும் வெள்ளைப் பேண்டேஜ் துணியில் சுற்றி, மேலே பென்சிலால் எண் போட்டு, ஆஸ்பத்திரி வார்டு போல வரிசையாகப் படுத்திருந்தன. "நம்ம தறித் துணிதான். பூச்சிக்கு வசம்பும் வெச்சிருக்கேன். ஆனா சுத்துறதுக்கு முன்னாடியே உள்ள இருந்த பூச்சியை என்ன செய்ய?" என்றார்.

கைகழுவி வந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கீதங்கள், வர்ணங்கள், பதங்கள். சிலவற்றுக்கு முகப்புப் பக்கம் இல்லை. ஒன்றில் வெற்றிலைச் சாறு. பதினேழாம் எண் துணியை அவிழ்த்து நடுவில் புரட்டியபோது, கண்ணுக்கு முன்னால் என் ஸ்வரஜதி. தெலுங்கு எழுத்தில், என் தமிழ்ப் பதிப்பைவிட ஒரு தலைமுறையாவது மூத்த அச்சில். அட்டையும் கடைசிப் பக்கங்களும் இருந்தன. நான் போட்ட சத்தத்தில் மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

விரலை வரிவரியாக நகர்த்திக் கடைசி வரிக்கு வந்தேன். 'ப ம க ம' இருந்தது. அதன் காலடியில் பூச்சி ஒரு கோடு போட்டிருந்தது. ஓடை போல வளைந்து, சரியாக அந்த நான்கு எழுத்துக்கும் கீழே இருந்த காகிதத்தைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. புள்ளி இருந்ததா, இல்லையா, சொல்ல முடியாது. பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முன் பக்கத்திலும் பின் பக்கத்திலும் அதே ஓட்டை. முதல் 'ப'வின் கீழே மட்டும், ஓட்டையின் விளிம்பில், நகக்கண் அளவுக்குக் கறுப்பு மை. அது புள்ளியின் மிச்சமாக இருக்கலாம். கீழ்வரிப் பாட்டெழுத்தின் கொம்பாகவும் இருக்கலாம்.

மதியம் புளிச்சக்கீரைக் கடையலும் முருங்கைக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பும். அந்த ஏமாற்றத்திலும் மூன்று முறை சோறு வாங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜானகியம்மாள் எதிரே உட்கார்ந்து, அந்த நான்கு எழுத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். மாலதியைப் பற்றிச் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பீரோவில் இன்னொரு பெரிய புத்தகம் இருந்ததே என்றார்.

"கோடு கோடாப் போட்டு, முட்டை முட்டையா எழுதியிருக்கும். ஏதோ சமஸ்தானத்து பேண்டு செட்டுக்குன்னு அச்சடிச்சதாம். இந்தத் தெலுங்குப் புத்தகத்துப் பாட்டுதான் அதுலயும்னு மாமனார் சொல்லுவாரு. எங்க வீட்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலை. மம்சாபுரத்துல மிலிட்டரி பேண்டுல இருந்த செல்லையான்னு ஒருத்தர், அவருகிட்ட எங்க வீட்டுக்காரர் குடுத்திட்டாரு."

போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். செல்லையா போனை எடுக்கிற ஆள் இல்லையாம். காலையில் போனால் தோப்பில் இருப்பாராம், இன்றைக்கும் நாளைக்கும் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்க வெளியூர் போயிருப்பாராம். நாளை மறுநாள்தான் பார்க்க முடியும். அதுவரை சும்மா இருக்காமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் அச்சகம் வைத்திருக்கும் ரெங்கசாமியைப் பாருங்கள், அவரும் பழைய புத்தகம் சேர்க்கிறவர் என்று வழி சொன்னார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். பேருந்தில் கால் வைக்க இடமில்லை, ஆனால் என் வயலின் பெட்டிக்கு ஒரு பெண் மடி கொடுத்தாள். உள்ளே குழந்தையா இருக்கு, இப்படி ஜாக்கிரதையாகப் பிடிக்கிறீர்கள் என்றாள். கோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. கோவில் தெருவில் பால்கோவா வாங்கினேன், அடுப்பிலிருந்து இறக்கிய சூடு இலையைத் தாண்டிக் கையைச் சுட்டது. பினாங்கில் பெட்டியில் வருகிற பால்கோவாவைத் தின்றே நான் இதுவரை அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அபிப்பிராயங்களையெல்லாம் தெருவிலேயே வாபஸ் வாங்கினேன்.

ரெங்கசாமியின் அச்சகத்தில் இப்போது கல்யாணப் பத்திரிகையும் கோவில் நோட்டீசும் கம்ப்யூட்டரில் தயாராகின்றன. மனிதருக்கு என் வயதுதான் இருக்கும், ஐம்பத்தைந்து. மாடியில் பழைய புத்தகம். நான் தேடும் உருப்படியைச் சொன்னதும், படியேறிப்போய் இரண்டு பிரதிகளோடு இறங்கினார். ஒன்று என்னிடம் இருக்கும் அதே மறுபதிப்பு. மற்றது அதன் முதல் அச்சு! நான் தேடிக் கிடைக்காத முதல் அச்சு. கடை மேஜையிலேயே மூன்றையும் பரப்பினேன், என்னுடையதையும் சேர்த்து. முதல் அச்சிலும் அந்த நான்கு எழுத்துக்குப் புள்ளி இல்லை.

அப்படியானால் என் வாதம்தான் சரி. ஆனால் சந்தோஷப்பட வரவில்லை. புத்தகத்தை மூடப்போனேன். ரெங்கசாமி தடுத்தார். பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கு சங்கீதம் தெரியாது. எந்தெந்த எழுத்து மேல் ஸ்தாயி என்று மட்டும் கேட்டார். முதல் பக்கத்தில் காட்டினேன். தலையில் புள்ளி அழகாக இருந்தது. அடுத்த பக்கம், அதிலும் இருந்தது. கடைசி மூன்று பக்கத்துக்கு வந்தோம். அங்கே சந்தேகமே இல்லாமல் உச்சத்தில் நிற்கிற 'ஸ' ஒன்று, மொட்டையாக நின்றது. அதற்குப் பக்கத்து 'ரி', அதுவும் மொட்டை. மூன்று பக்கத்திலும் தலையிலும் இல்லை, காலிலும் இல்லை.

"புள்ளி தீந்துபோச்சு" என்றார் ரெங்கசாமி.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில், புள்ளி வைத்த ஸ்வர எழுத்து தனி அச்சு. ஊர் அச்சகத்தில் அது ஒரு கைப்பிடிதான் இருக்கும். முன் பக்கங்களைக் கோத்து வைத்திருக்கும்போது பெட்டி காலியாகிவிடும். புள்ளி வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவன் வெறும் எழுத்தைப் போட்டு ஓட்டிவிடுவான். அவருடைய அப்பா ஓட்டியிருக்கிறாராம். மறுபதிப்புக்காரன் அதைப் பார்த்து அப்படியே கோப்பான். "இந்த மூணு பக்கத்துல புள்ளி இல்லேங்கிறதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாதும்மா" என்றார்.

இருபத்தெட்டு வருடம் நான் வேதமாகப் பிடித்திருந்த பக்கம்! சாட்சி சொல்லத் தகுதியே இல்லாத பக்கம். எனக்குக் கோபம் வர வேண்டும், ஆனால் வந்ததோ ஒரு குதிப்பு. இந்தப் பதிப்பு தள்ளுபடி. தெலுங்குப் பதிப்பைப் பூச்சி தின்றுவிட்டது. மிஞ்சியது முட்டை எழுத்து. அன்று மாலை பினாங்கிலிருந்து எங்கள் வகுப்புச் செயலாளர், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, இருப்பதையே போட்டுவிடலாமே என்று எழுதியிருந்தார். ஒரு நாள் கொடுங்கள் என்று பதில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை பெரிய உற்சாகத்தில் கிளம்பித் தப்பான பேருந்தில் ஏறினேன். கூட்டத்துக்கு வெளியே நின்று 'மம்சாபுரம் போகுமா' என்று கத்தினேன், நடத்துநர் 'புரம்' என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு தலையாட்டினார். அரை மணி கழித்துப் பருத்திக் காட்டுக்கு நடுவில் இறக்கிவிட்டு, இதுதான் சோழபுரம் என்றார். நான் மம்சாபுரம் என்றேன். அவருக்கு என் மேல் உண்மையான இரக்கம் வந்தது.

"ஏட்டி, இவியளை ராஜபாளையத்துக்கு ஏத்திவிடு" என்று நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். களையெடுக்கப் போகிறவள் அவள், மண்வெட்டிபோல என் வயலின் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் பேருந்து வரும்வரை கூடவே நின்றாள். வேலைக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன். மேஸ்திரி தன் தம்பிதான், வைதால் வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பேருந்தில் திரையில் அடுத்த நிறுத்தத்தின் பெயர் ஓடும். வழிதவறவே முடியாது. இப்படி ஒருத்தி கூட நிற்கவும் மாட்டாள்.

மம்சாபுரம் போய்ச்சேரப் பத்தரை மணி ஆகிவிட்டது. சிறிய கடைத்தெரு. கேட்ட முதல் ஆளே தோப்புக்கு வழி சொன்னார், சத்தத்தைப் பின்பற்றிப் போனால் போதும் என்றார். உண்மைதான். தென்னைகளுக்கு நடுவிலிருந்து கிளாரினெட் கேட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் நாற்காலி போட்டு, பனியனோடு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை மட்டும் இன்னும் பட்டாளத்தில் இருந்தது.

நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே செல்லையா எழுந்துவிட்டார். அந்தப் புத்தகத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். மோட்டார் அறையிலிருந்த பட்டாளத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் தூக்கி வந்தார். மேஜை அகலம். பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிசைக் கோடுகள், ஒவ்வொரு வரிசையும் ஒரு வாத்தியத்துக்கு. அதில் என் ஸ்வரஜதி இருந்தது. இந்த மேற்கத்தியக் கோட்டு முறையின் அருமை இதுதான்: அதில் ஸ்தாயிக்குப் புள்ளி கிடையாது. குறி எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதுதான் அதன் உயரம். அச்சுக்காரனிடம் தீர்ந்துபோக ஒன்றுமில்லை.

பாட்டு மேல் வரிசையில், கார்னெட் என்ற சிறிய எக்காளத்தில் போனது. பின்தொடர்ந்தேன். கடைசி வரி வந்தது. 'ப ம க ம' வரவேண்டிய இடத்தில் கார்னெட் வரிசை காலியாக இருந்தது. ஒரு குறிகூட இல்லை. வெறும் ஓய்வு அடையாளம்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்றாவது புத்தகமும் அந்த நான்கு ஸ்வரத்தில்தான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா! செல்லையா என் முகத்தைப் பார்த்தார், பக்கத்தைப் பார்த்தார். பிறகு மேலிருந்து ஒன்பதாவது வரிசையில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க டீச்சரம்மா. யூபோனியம். பெருசா, தாட்டியா, மடியில வெச்சு ஊதுவாகளே, அது. கார்னெட்டுக்கு ஒரு அடிமட்டம் இருக்கு, அதுக்குக் கீழ ஊதுனா காத்துதான் வரும். பாட்டு அதுக்கும் கீழ எறங்குது. அதான் எழுதுனவரு இவன்கிட்டக் குடுத்துட்டாரு. நடு ஸ்தாயின்னா கார்னெட்டே ஊதிட்டுப் போயிருக்குமே, எதுக்குக் குடுக்கணும்?"

விரலுக்குக் கீழே நான்கு குறிகள். நான்கும் தரையைத் தொடுகிற ஆழத்தில். ஐந்தாவது ஸ்வரத்தில் பாட்டு மறுபடியும் கார்னெட்டுக்கு ஏறிவிடுகிறது.

செல்லையா கிளாரினெட்டை எடுத்தார். கிளாரினெட்டால் அவ்வளவு கீழே இறங்க முடியும். அந்தக் கடைசி வரியை முழுதாக வாசித்தார். மேலே சுற்றிக்கொண்டிருந்த பாட்டு, படிக்கட்டில் கால் தவறாமல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று, ஏறியது. பதினொரு வருடத்துக்கு முன் என் வகுப்பறையில் நான் கேட்டு, பாதியில் நிறுத்தியது இதைத்தான். என் பெட்டியைத் திறந்து வயலினை எடுத்து, தடித்த தந்தியில் நானும் வாசித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஐந்தாறு முறை வாசித்தோம். வாய்க்கால் உடைத்துக்கொண்டு பக்கத்து வரப்பில் தண்ணீர் ஏறியதை அவரும் கவனிக்கவில்லை.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்துக்கான பக்கத்தைத் திருத்தி எழுதினேன். எதை எடுப்பது, எதை விடுவது என்பது இப்போது கஷ்டமாக இல்லை. வரிக்குத் தெலுங்குப் பதிப்பு, ஸ்தாயிக்குக் கோட்டு முறை. தாளக் கணக்குக்கு, அதை எளிமையாகப் பிரித்திருந்த தமிழ்ப் பதிப்பு. குரல் அவ்வளவு கீழே போகாதவர்களுக்காக நடு ஸ்தாயிப் பாடத்தையும் அடியில் சிறிய எழுத்தில் கொடுக்கலாம் என்று தோன்றியது. பெரிய புத்தகத்தை எடுத்துப் போங்கள் என்றார் செல்லையா. வேண்டாம் என்றேன். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம்தான் அது இருக்கிறது. வேண்டிய பக்கங்களைப் படம் மட்டும் எடுத்துக்கொண்டேன். எடுக்கும்போதே மாலதியைப் பற்றி அவரிடமும் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டியளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மொதல்ல அதைச் செய்ங்க. பொறவு சாப்பாடு."

பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்தேன். மாலதியின் எண் என்னிடம் எப்போதும் இருந்தது. எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் போனது இவ்வளவுதான்: 'மாலதி, அந்தக் கடைசி வரியில் நீ வாசித்ததுதான் சரி. நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லார் முன்னிலையிலும் உன்னை நிறுத்தியது அதைவிடப் பெரிய தவறு.'

அவள் படித்துவிட்டாள் என்று அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. ராஜபாளையம் பேருந்து வந்தது. போகவிட்டேன். கடைத்தெருவில் வாங்கிய சேவுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு ஒன்றுகூட வாயில் போடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வரி வந்தது.

'எந்தப் பதிப்பு டீச்சர்?'

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பூச்சி தின்ற பக்கத்தை அனுப்பினேன். மொட்டை ஸ்வரங்கள் நிற்கிற பக்கத்தை அனுப்பினேன். ஒன்பதாவது வரிசையை அனுப்பினேன். அச்சுக்குப் போகப்போகிற பக்கத்தையும் அனுப்பச் சொன்னாள். தோப்பில் எழுதியதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நிற்கிற பிள்ளைபோலக் காத்திருந்தேன். இரண்டாவது பேருந்தும் போனது.

போன் அடித்தது. பதினொரு வருடத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. நலமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"மூணாவது ஸ்வரத்துக்குப் புள்ளி வைக்கல டீச்சர்."

பார்த்தேன். 'ப'வுக்கு இருந்தது, 'ம'வுக்கு இருந்தது. 'க'வின் காலடி வெறுமையாக இருந்தது. கடல் தாண்டி வந்து, மூன்று பதிப்பு பார்த்து, அவசரத்தில் நானே விட்டிருக்கிறேன். பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, முழங்காலில் வைத்து அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன். வைத்துவிட்டதாகச் சொன்னேன்.

"இருங்க, வாசிச்சுப் பாத்துடறேன்" என்றாள். ஈப்போவில் ஒரு பெட்டியின் கொக்கி திறக்கும் சத்தம், சுருதி சேர்க்கும் சத்தம். மம்சாபுரத்து வெயிலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவள் வில்லைத் தந்தியில் வைத்தபோது மூன்றாவது பேருந்து வந்து நின்று, நடத்துநர் என்னைப் பார்த்து வாரியளா என்று கேட்டார். இல்லை என்று கையை அசைத்தேன்.